வெள்ள எச்சரிக்கைத் திட்டம்: மாணவர்கள் எதை எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது?

கோலாலம்பூர் செந்தூலில் நான் உதவிக்குப் போகும் நான்காம் படிவ மாணவர் குழு இந்த ஆண்டு வெள்ளத்தைக் கையில் எடுத்திருக்கிறது. புத்தாக்கப் போட்டிக்காகத் தொடங்கினார்கள். போட்டி முடிந்த பிறகும் தங்கள் அடுக்குமாடியில் அது ஓடவேண்டும் என்று இப்போது ஆசை வந்துவிட்டது. கையிருப்பு 600 ரிங்கிட். அக்டோபர் மழைக்குள் ஏதாவது ஒன்று வேலை செய்யவேண்டும். ஆளாளுக்குக் கொண்டுவந்த யோசனைகளில் நான்கு தேறின: வடிகாலில் நீர்மட்டம் அளக்கும் சென்சார், செயற்கை நுண்ணறிவு வைத்து முன்கணிப்பு, கேமரா, அரசுத் துறைகள் வெளியிடும் எச்சரிக்கையை எடுத்து வீட்டுக்கு வீடு சேர்க்கும் டெலிகிராம் போட் (தானாகச் செய்தி அனுப்பும் நிரல்). நான்கையும் செய்யக் காசும் போதாது, பரீட்சைக்கு நடுவே நேரமும் போதாது.

தொழிற்சாலைகளில் அளவைக் கருவி பொருத்துவது என் பிழைப்பு. ஆகவே நான் சென்சார் பக்கம்தான் சாய்வேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது

போட்டி நடுவர்கள் முதலில் கேட்பது, "துல்லியம் எத்தனை விழுக்காடு?" என்பதுதான். அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, கீழ்த்தள வீடுகளில் போய்க் கேட்டுவரச் சொன்னேன். ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது:

"ஆண்ட்டி, தண்ணி வருதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"வந்த பிறகு சொல்லி என்னா தம்பி செய்ய? வர்றதுக்கு முன்னாடி சொல்லு. ஃபிரிட்ஜு போனா போவட்டும். மாமாவ மேல ஏத்தணும். வீல்சேர் படியில ஏறாது, ரெண்டு ஆம்பளைங்க வந்து தூக்கணும். அவங்கள கூப்பிட்டு, அவங்க சட்டைய மாட்டிக்கிட்டு இறங்கி வர்றதுக்கே கால் மணி நேரம் ஆயிடும்."

ஒப்பிட வேண்டிய அளவுகோல் இந்தக் கால் மணி நேரம்தான். தகவல் போய்ச் சேர்ந்த பிறகு கீழ்த்தளத்தில் இருப்பவர் கையில் எத்தனை நிமிடம் மிஞ்சும்? கருவியின் துல்லியம், விலை, அழகு எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வரும் வெள்ளம் ஒரே வகையல்ல. 2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை விடாமல் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று கணக்கிட்டது. அப்படிப்பட்ட மழை அபூர்வம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் மத்தியானம் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு இறங்கி, ஒரு மணி நேரத்தில் லோங்காங்கை, அதாவது வடிகாலை நிரப்பி, கார் பார்க்கில் ஏறி, ராத்திரிக்குள் வடிந்துவிடும் திடீர் வெள்ளம்தான் அடிக்கடி வருவது. முன்னதில் நாள்கணக்கு, பின்னதில் நிமிடக்கணக்கு. செந்தூல் பிள்ளைகள் எதிர்கொள்வது பின்னதை. கோம்பாக் ஆறும் பத்து ஆறும் பக்கத்தில் ஓடினாலும், அவர்கள் புளோக்கில் ஏறும் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதில்லை, ஆற்றுக்குப் போய்ச்சேர முடியாத வடிகால் தண்ணீர் அது.

செயற்கை நுண்ணறிவுக் கணிப்பு

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். மடிக்கணினி ஒன்று போதும், சேற்றில் கால் வைக்க வேண்டாம், மேடையில் சொல்லும்போதும் எடுப்பாக இருக்கும். குழுவில் ஒரு மாணவி ஏற்கெனவே பைத்தான் நிரல்மொழியில் ஒரு மாடல், அதாவது பழைய தரவைப் படித்து வெள்ளத்தைக் கணிக்கும் நிரல், எழுதிக் காட்டினாள். துல்லியம் 99 விழுக்காடு என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஓர் இடத்தில் ஆண்டுக்கு மூன்று நாள் வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே கணக்கிடாமல், "இன்றைக்கு வெள்ளம் இல்லை" என்று தினமும் அச்சடித்துக்கொண்டே இருக்கும் ஒரு நிரல் 365 நாளில் 362 நாள் சரியாகச் சொல்லியிருக்கும். அதன் துல்லியம் 99.2 விழுக்காடு. காப்பாற்றிய வீடு ஒன்றுகூட இல்லை. வெள்ள மாடலிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: வந்த வெள்ளங்களில் எத்தனையை முன்கூட்டிப் பிடித்தது, வராத வெள்ளத்துக்கு எத்தனை முறை கூவியது?

இரண்டாவது ஓட்டை இன்னும் நுணுக்கமானது, ஆசிரியர்கள்கூடக் கவனிக்காமல் விடுவது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவான நீர்மட்டத் தரவைக் கலைத்துப்போட்டு, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மிச்சத்தைச் சோதனைக்கும் எடுப்பார்கள். மூன்று மணிக்குப் பதிவானது பயிற்சியில், மூன்றேகாலுக்குப் பதிவானது சோதனையில், மூன்றரை மறுபடியும் பயிற்சியில். இரண்டு பக்கத்து விடையும் தெரிந்தவனிடம் நடுக் கேள்வியைக் கேட்ட மாதிரி ஆகிவிடுகிறது. காலவரிசைப்படி பிரிக்கவேண்டும்: பழைய ஆண்டுகளில் பயிற்சி, கடைசி ஆண்டில் சோதனை. பிறகு "இப்போதைய மட்டம்தான் அரை மணி கழித்தும் இருக்கும்" என்று சொல்லும் சோம்பேறி விதியோடு மாடலைப் போட்டிக்கு விடவேண்டும். பள்ளித் திட்டங்களில் வரும் எல்.எஸ்.டி.எம். மாடல்கள் (காலவரிசைத் தரவைப் படிக்கும் நரம்பு வலையமைப்புகள்) பல அந்தச் சோம்பேறியை நூலிழையில்தான் முந்துகின்றன. சில முந்துவதே இல்லை.

மூன்றாவது, எனக்குப் பயம் தருவது. ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற மர வகை மாடல்கள் பயிற்சியில் பார்த்த உச்ச மட்டத்துக்கு மேல் ஓர் எண்ணைச் சொல்லவே முடியாது. பயிற்சியில் பார்த்த எண்களின் சராசரியைத்தான் அவை விடையாகத் தரும். பயிற்சித் தரவில் அதிகபட்சம் 2 மீட்டர் என்றால், 2021 டிசம்பர் போன்ற மழையிலும் அது 2 மீட்டரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது கைவிடும்.

கணிப்பே வீண் என்று சொல்லவரவில்லை. கிளந்தானில் குவாலா கிராயில் ஏறிய தண்ணீர் கோத்தா பாருவுக்கு வந்துசேர மணிக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் கணிப்புக்கு வேலை இருக்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறை, அதாவது நாம் எல்லாரும் சொல்லும் ஜே.பி.எஸ்., நடத்தும் தேசிய வெள்ள முன்கணிப்புத் திட்டமான பி.ஆர்.ஏ.பி.என். ஏழு நாளுக்கு முன்னோட்டம் பார்த்து, இரண்டு நாளுக்கு முன் எச்சரிக்கை தருவது இப்படிப்பட்ட ஆற்றுப் படுகைகளை நம்பித்தான். சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஓர் இடிமேகம் செந்தூலில் கொட்டுமா, செத்தாப்பாக்கில் கொட்டுமா என்பதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எந்த மாடலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தரவே இல்லாத ஒரு லோங்காங்குக்கு மாடல் எழுதுவது, பிள்ளை பிறக்கும் முன் பெயர்ப்பலகை எழுதுகிற கதை.

வடிகாலில் சென்சார்

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் அத்தனையும் எச்.சி-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி சென்சாரில் ஆரம்பிக்கும். சில ரிங்கிட்தான் விலை, 4 மீட்டர் வரை அளக்கும். மேசைமேல் வைத்துக் காட்ட அருமையான சாமான். வடிகாலுக்கு ஆகாது, ஈரம் பட்டால் போய்விடும். ஜே.எஸ்.என்-எஸ்.ஆர்.04டி என்ற நீர்புகா வகை வாங்கவேண்டும். 20, 30 ரிங்கிட் ஆகும். அதற்கு ஒரு குணம் உண்டு: முகத்துக்கு முன்னால் 20, 25 சென்டிமீட்டருக்குள் வருவது அதன் கண்ணுக்குத் தெரியாது. பாலத்தின் அடியில் ஒட்டிப் பொருத்தினால், தண்ணீர் பாலத்தைத் தொடப்போகும் நேரத்தில் கருவி குருடாகிவிடும். பாலத்தின் கைப்பிடியிலிருந்து சற்று உயரமாக, வெளியே நீட்டிய தாங்கியில் தொங்கவிடுங்கள்.

எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்துத்தான் இந்த சென்சார் தூரத்தைக் கணக்கிடுகிறது, ஒலியின் வேகமோ வெப்பத்தைப் பொறுத்தது. 25 பாகையில் வினாடிக்குச் சுமார் 346 மீட்டர், 35 பாகையில் சுமார் 352. சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் 3 மீட்டர் ஆழத்தை அளக்கும்போது அது 5 சென்டிமீட்டர் பிழை. வெயில் ஏற ஏற, மழையே இல்லாமல் வடிகாலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் "ஏறும்". மாணவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். இரண்டு, மூன்று ரிங்கிட் வெப்ப சென்சார் ஒன்றைக் கூடவே வைத்து நிரலில் திருத்திவிட்டால் தீர்ந்தது. மிதந்துபோகும் பாலிஸ்டைரின் டப்பா, சிலந்தி வலை, கரையோரப் புல் என்று எல்லாமே எதிரொலி கொடுக்கும். ஐந்து முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தப்பான அளவே எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் சூடாகி, மழையில் சட்டென்று குளிர்ந்து, உள்ளே வியர்த்துப்போவதுதான் வெளியில் வைத்த கருவியைக் கொல்கிறது. ஒயர் போகும் துளை பெட்டியின் அடியில் இருக்கட்டும், மேலே வேண்டாம். துளையைச் சுற்றி சிலிக்கோன் பூசுங்கள். பூசாவிட்டால் எறும்பு குடிவந்துவிடும். சர்க்யூட் போர்டில் முட்டையிட்டு வைத்திருக்கும் எறும்புக் கூட்டத்தை நான் தொழிற்சாலைப் பெட்டிகளிலேயே பார்த்திருக்கிறேன், லோங்காங் ஓரத்தில் கேட்கவா வேண்டும்.

தகவலை எப்படி அனுப்புவது? கீழ்த்தள வீட்டு வைஃபை இலவசம்தான். ஆனால் தண்ணீர் ஏறும்போது பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டிப்பார்கள், ரவுட்டரும் அத்தோடு போகும். சிம் போட்ட மோடம் நல்லது. பழைய பாடக் காணொளிகளில் வரும் 3ஜி மோடம் வாங்கிவிடாதீர்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 முடிவோடு மூடப்பட்டது. 4ஜி மோடம் விலை அதிகம், மாதச் சந்தா வேறு. இந்தக் குழுவுக்கு நான் சொன்னது லோரா, குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் வானலைத் தொடர்பு. 920 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், சந்தா இல்லாமல், கட்டடங்களுக்கு நடுவிலும் ஓரிரு கிலோமீட்டர் போகும். மேல்மாடியில் ஓர் ஏற்பி, வடிகாலில் ஓர் அனுப்பி, இரண்டிலும் இ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கணினிச் சில்லு, கைத்தொலைபேசி அளவு சூரியத் தகடு, ஒரு லித்தியம் பேட்டரி. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால், எந்த அலைவரிசைக்கான ஆன்டெனா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி நிமிடக் கணக்கு. சென்சாரைப் புளோக் வாசலில் வைத்தால் அது சொல்லும்போது நமக்கே தெரிந்திருக்கும். மேல்மடையில், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வைக்கிறோம். கனமழையில் கான்கிரீட் வடிகாலில் தண்ணீர் வினாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், வாசலுக்கு வந்துசேர 750 வினாடி, பன்னிரண்டரை நிமிடம். பேட்டரியை மிச்சப்படுத்த இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கிறோம், அதில் இரண்டு நிமிடம் போயிற்று. ஒரு அளவை நம்பிக் கூவக்கூடாது, அடுத்த அளவும் ஏறினால்தான் செய்தி என்றால் இன்னும் இரண்டு. மிஞ்சுவது எட்டு நிமிடம் சொச்சம். ஆண்ட்டி கேட்டது பதினைந்து.

ஆகவே சென்சார் தனியாகப் போதாது. கருவி பொருத்துகிறவன் நானே சொல்கிறேன்.

கேமரா

நீண்ட நேரம் பேச ஒன்றுமில்லை. பகலில், தூறலில், அளவுகோல் பலகையைப் படம்பிடித்து நிரலால் படிக்க வைப்பது அழகான கணினிப் பயிற்சி. இரவில் கொட்டும் மழையில் லென்ஸ்மேல் ஒரு சொட்டு விழுந்தால் எல்லாம் கலங்கல். மின்சாரமும் டேட்டாவும் குடிக்கும். அண்டை அயலார் முகம் பதிவாகும் தொந்தரவு வேறு. தள்ளிவைத்தோம்.

எச்சரிக்கையைச் சேர்க்கும் போட்

குழுவில் யாருக்கும் பிடிக்காத யோசனை இது. "இதுல என்ன சார் கண்டுபிடிப்பு இருக்கு?" என்றான் ஒருவன். உண்மைதான், கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. செலவும் ஏறத்தாழ இல்லை.

மழை அளவையும் ஆற்று மட்டத்தையும் ஜே.பி.எஸ். பொதுமக்களுக்கான தன் வெள்ளத் தகவல் தளத்தில் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆற்று நிலையத்துக்கும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகள். வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா, மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழையோடு இடிமேகம் நெருங்கும்போது இடிமழை எச்சரிக்கை விடுகிறது. ஒருமுறை விட்டால் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்கு அது செல்லும். நமக்குத் தேவையான முன்நேரம் இங்கே சும்மா கிடக்கிறது. எச்சரிக்கை வெளியாகிறது, ஆனால் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய அறிவிப்பாக, செயலியையோ தளத்தையோ தேடித் திறப்பவர்களுக்கு. ஆண்ட்டியின் கைத்தொலைபேசியில் அந்தச் செயலி இல்லை. எதிர் வீட்டு வங்காளதேசத் தொழிலாளர்களிடமும் இல்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நவம்பரில் கோலாலம்பூருக்கு அநேகமாக மத்தியானம் தோறும் இடிமழை எச்சரிக்கை வரும். அத்தனையையும் எல்லா வீட்டுக்கும் தள்ளினால் இரண்டாவது வாரமே குழுவை மியூட்டில் போட்டுவிடுவார்கள். பிறகு நிஜமாக வரும் நாளில் யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால் இந்தச் செய்தி எல்லாருக்கும் போகக்கூடாது. மாடிக்கு ஒருவர் என்று முன்வந்த சிலருக்கு மட்டும் போகட்டும், அதுவும் "தயாராக இருங்கள்" என்ற அளவில். அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா, வீல்சேர் தூக்க ஆள் இருக்கிறதா, கார் சாவி யாரிடம் என்று அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.

போட் டெலிகிராமில் எழுதுவது சுலபம், இலவசம். வாட்ஸ்அப்பில் தானியங்கிச் செய்தி அனுப்ப வணிகக் கணக்கும் கட்டணமும் வேண்டும். ஆனால் பெரியவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான். ஆகவே போட் முன்வந்தவர்களுக்கு, அவர்கள் கைப்படக் கூப்பிடுவது வீடுகளுக்கு. மாணவர்களே அந்த வேலையைச் செய்கிறோம் என்றார்கள். மழை இறங்கும் நான்கு மணிக்கு நீங்கள் டியூஷனில் இருப்பீர்கள் என்றேன். அக்கம்பக்கத்துக் காவல் குழுவான ருக்குன் தெத்தாங்கா ஆட்களோடு பேச முடிவாயிற்று.

யாரும் கேட்காத ஐந்தாவது வேலை

சென்சார் "1.8 மீட்டர்" என்கிறது. அது யார் வீட்டு வாசல்? இதற்குப் பதில் இல்லாமல் மேலே சொன்ன நான்கில் எதுவும் உருப்படாது. ஆறு என்றால், ஜே.பி.எஸ். நிலையங்களுக்கு அபாய மட்டம் குறித்துவைத்திருப்பது அந்த இடத்துக் கரையைப் பார்த்துத்தான். லோங்காங்குக்கு அப்படி யாரும் குறித்துக் கொடுக்கவில்லை.

இதற்குக் கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் டியூப் போதும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வடிகால் பாலத்தின் விளிம்பில் பிடித்து, மறுமுனையை ஒரு வீட்டு வாசற்படியில் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் காற்றுக்குமிழி இருந்தால் கணக்குப் பொய்த்துவிடும். குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்ற வேண்டும். பையன்கள் அதை ஒரு விளையாட்டாகவே செய்தார்கள். இப்படி வாசல் வாசலாகப் போகும்போது, போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கறை காட்டுவார்கள். கறைக்குப் பக்கத்தில் சாக்கட்டியால் கோடு, கைத்தொலைபேசியில் படம். கடைசியில் கையில் ஒரு தாள் இருக்கும்: வடிகாலில் இன்ன மட்டம் வந்தால் முதலில் கார் பார்க்கின் பின்மூலை, அதற்கு ஒரு சாண் மேலே ஏறினால் கடைசிக் கதவு, அதற்கும் மேலே என்றால் மின்மீட்டர் அறை.

600 ரிங்கிட்டில் இதற்கு ஆன செலவு டியூப் விலை மட்டும். போட்டியில் பரிசு கிடைக்காது என்பதற்காக இதை யாரும் செய்வதில்லை. எனக்கு நான்கில் எதையும்விட இதுதான் பிடித்தது.

எங்கள் முடிவு

முதலில் வாசல் மட்டம். பிறகு போட்டும் தொலைபேசிச் சங்கிலியும். மூன்றாவதாக மேல்மடை சென்சார். மாடல் அடுத்த ஆண்டுக்கு.

காரணம் நிமிடக் கணக்கிலேயே இருக்கிறது. சென்சார் தரும் எட்டு நிமிடம் தூங்குகிற ஆளை எழுப்பி வீல்சேர் தூக்க வைக்கப் போதாது. இடிமழை எச்சரிக்கையால் ஏற்கெனவே தயாராக நிற்கும் ஆளுக்கு அதே எட்டு நிமிடம் தாராளம். இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே சுமார்தான். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போதுதான் பதினைந்து நிமிடம் தேறுகிறது. பெரிய ஏற்பாடுகளும் இந்த வழியில்தான் ஓடுகின்றன. கோலாலம்பூரில் வெள்ளநீரும் வாகனங்களும் போக 2007ல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடுமிடத்தில் நீரோட்டம் வினாடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டினால் அடித்தளத்தில் தண்ணீர் விடுவார்கள், 150 ஐத் தாண்டினால் வாகனங்களை வெளியேற்றுவார்கள், அதற்குப் பிறகும் மழை நீடித்தால் சாலையையும் தண்ணீருக்குத் திறப்பார்கள். மேல்மடையில் அளந்து, படி படியாக முடிவெடுக்கிற முறை. நம் லோங்காங்குக்கும் அதன் குட்டி வடிவம் போதும்.

99 விழுக்காடு என்று சொன்ன மாணவிக்கு முகம் வாடியது. அவளுக்கும் வேலை இருக்கிறது: சென்சார் அனுப்பும் ஒவ்வொரு அளவையும், பக்கத்து ஜே.பி.எஸ். நிலையத்து மழை அளவையும் நேரக்குறிப்போடு சேமித்துவைப்பது. ஒரு பருவம் போனால் அந்த லோங்காங்குக்கு உலகத்திலேயே தரவு வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அப்போது மாடல் எழுதட்டும், சோம்பேறி விதியோடு மோதட்டும்.

பினாங்குக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே ஒரு பள்ளியில் இதே தலைப்பை எடுத்திருக்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் ஜாலான் பி.ராம்லி பக்கத்துத் தாழ்நிலமும் சுங்கை பினாங்கின் கடைமடையும் மழைக்கு மட்டும் பயப்படுவதில்லை. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியேற வழியின்றி நிற்கும், அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால் தொலைந்தது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவும் செபராங் பிறையும் மூழ்கியதை அங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கே கணிப்புக்கு மவுசு கூடுகிறது. ஏனென்றால் கடல் ஏற்ற இறக்கம் மாதக்கணக்கில் முன்கூட்டித் தெரிந்த விஷயம், கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் அட்டவணையாகவே வெளியிடுகிறது. ஏற்றம் உச்சத்தில் இருக்கும் இரண்டு மணி நேரமும் இடிமழை எச்சரிக்கையும் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று பார்க்கும் பத்து வரி நிரல் போதும், செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. சென்சாரை மேல்மடையில் ஒன்று, கடைமடையில் ஒன்று என இரண்டாக வைக்கவேண்டி வரும்.

செய்தியின் வாசகத்திலும் கவனம் வேண்டும். "வெள்ளம் வருகிறது, வெளியேறுங்கள்" என்று சொல்லும் பொறுப்பு அதிகாரிகளுடையது, பள்ளிப் பிள்ளைகளுடையது அல்ல. "பாலத்தில் தண்ணீர் 1.6 மீட்டர், ஐந்து நிமிடத்தில் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, கார் பார்க்கின் பின்மூலையில் நிறுத்தியவர்கள் எடுத்துவிடவும்" என்று கண்டதை மட்டும் சொன்னால் போதும். வடிகாலில் எதையும் பொருத்தும் முன் கோலாலம்பூர் மாநகர மன்றமான டி.பி.கே.எல்.லிடம் அனுமதிக் கடிதம் கேட்டு எழுதுங்கள், பதில் வரக் காலமெடுக்கும். மழை நாளில் எந்த மாணவரும் கரைக்குப் போகக்கூடாது. பொருத்துவது, கழற்றுவது எல்லாம் வெயில் நாளில், பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போதுதான்.

இன்னும் முடிவாகாத ஒன்று சைரன். 12 வோல்ட் சைரன் மலிவு, கைத்தொலைபேசியை மௌனமாக வைத்துவிட்டுத் தூங்குபவரையும் எழுப்பும். பாதிக் குழு வேண்டும் என்கிறது. சிலந்தி வலை ஒன்றை வெள்ளமென்று நினைத்து விடியற்காலை மூன்று மணிக்கு அது அலறினால், மறுநாள் காலை மேற்பார்வைக் குழுவே வயரைப் பிடுங்கிவிடும் என்கிறது மறுபாதி. ஒரு பருவம் முழுக்க சென்சார் எத்தனை முறை பொய் சொல்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது என் கருத்து. அதற்கான காசை உறையில் போட்டு எடுத்துவைத்திருக்கிறோம்.